ஈராயிரம் டொலர் போனும் 38ஆம் பிரிவும்



தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்ததாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் திருவாசகமோ தொல்காப்பியமோ பேசுவார்கள் என்று வருகிறவர்களுக்குப் போன் விலையைப் பற்றிய பேச்சு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் வீடு, கார் என்பவற்றுக்கு அடுத்தபடியாக அதிக விலை கொடுத்து வாங்கும் பொருள் இன்று அதுதான். வீடு வாங்கும்போது நோத்தரியிடம் போகிறோம். கார் வாங்கும்போது நாலு பேரைக் கேட்கிறோம். போனை மட்டும், கடையில் நிற்கிற பொடியன் காட்டுகிற இடத்தில் விரலால் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கி வருகிறோம்.

கியூபெக்கின் இன்றைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1978இல் நிறைவேறியது. கைபேசி என்ற பொருள் அப்போது இந்த நாட்டில் விற்பனைக்கே வரவில்லை. அந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். வாங்கிய பொருள், சாதாரணமாகப் பாவித்தால், நியாயமான காலம் உழைக்க வேண்டும். அந்த நியாயமான காலம் எவ்வளவு என்பதைப் பொருளின் விலை, ஒப்பந்தத்தின் நிபந்தனைகள், பாவிக்கும் சூழல் ஆகியவற்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

விலையும் ஆயுளும் இந்தச் சட்டத்தில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். 300 டொலர் போன் மூன்று வருடத்தில் செத்தால் அது விதி என்று விட்டுவிடலாம். 1,800 டொலர் போன் அதே மூன்று வருடத்தில் செத்தால், கூடக் கொடுத்த 1,500 டொலருக்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விலை ஏற ஏற, விற்றவரும் செய்தவரும் தலையில் சுமக்கிற பொறுப்பும் ஏறுகிறது. உயர்ரக போன்களின் விலை கட்டுமா கட்டாதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. நம்மவர்கள் இதைக் கையில் எடுப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

முதலில் விலை உண்மையிலேயே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். டொலரில் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆகவே உழைப்பு நேரத்தில் பார்ப்போம்.

2016இல் ஐபோன் 7 கனடாவில் 899 டொலரில் தொடங்கியது. கியூபெக்கின் இரண்டு வரிகளையும் சேர்த்தால், அதாவது 14.975 வீதம், 1,034 டொலர். அன்றைக்கு இங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10 டொலர் 75 சதம். ஆக, உணவகத்தில் கோப்பை கழுவுகிற ஒருவர் அந்தப் போனுக்காக 96 மணித்தியாலம் உழைக்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கிற வரியை நான் இதில் சேர்க்கவில்லை. அடுத்த வருடம், 2017இல், ஐபோன் எக்ஸ் வந்தது. 1,319 டொலர். வரியோடு 1,517. ஊதியம் 11 டொலர் 25 சதம். 135 மணித்தியாலம்! ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட ஒரு கிழமை உழைப்புக் கூடிவிட்டது.

இப்போது 2025 செப்டெம்பரில் வந்த ஐபோன் 17 ப்ரோவை எடுங்கள். 1,599 டொலர், வரியோடு 1,838. அப்போது ஊதியம் 16 டொலர் 10 சதம். கணக்கு 114 மணித்தியாலத்தில் நிற்கிறது. அதாவது ஐபோன் எக்ஸைவிட 21 மணித்தியாலம் குறைவு. தகவல் சேமிக்கும் இடமோ 64 ஜிபியிலிருந்து 256 ஜிபி ஆகியிருக்கிறது.

‘விலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது’ என்று புலம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. எனக்கும் இதைப் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது. பெரிய தாவல் 2017இலேயே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம், அந்தப் புதிய உயரத்துக்கு நம்மைப் பழக்கிய வேலை. ஆயிரம் டொலர் என்ற எல்லையைத் தாண்ட மக்கள் தயார் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் யார் திரும்பி இறங்கப்போகிறார்கள்?

அப்பிளின் 2018ஆம் நிதியாண்டின் கடைசிக் காலாண்டுக் கணக்கு இதைப் பளிச்சென்று காட்டியது. முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களில் விற்ற ஐபோன்களின் எண்ணிக்கையும் இந்த மூன்று மாதங்களில் விற்றதும் ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும் நாலரைக் கோடிக்குச் சற்று மேலே. ஐபோன் வருமானமோ 29 வீதம் கூடியிருந்தது. ஒரு போனின் சராசரி விற்பனை விலை 618 அமெரிக்க டொலரிலிருந்து 793க்குப் போயிருந்தது. அதே அறிவிப்பின்போதுதான், இனிமேல் எத்தனை போன் விற்றோம் என்ற எண்ணிக்கையை வெளியிடமாட்டோம் என்றும் அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. போன்கள் நன்றாக உழைக்கத் தொடங்கிவிட்டன, ஆட்கள் அடிக்கடி மாற்றுவதில்லை. எண்ணிக்கை கூடாத இடத்தில் விலையைக் கூட்டித்தான் வருமானத்தைக் கூட்ட வேண்டும். வியாபாரம் என்ற முறையில் அதில் பிழையொன்றும் இல்லை. பொருள் உழைக்கிறது என்பதாலேயே விலை ஏறியது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அந்தச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆக, இனி வரும் விலையேற்றம் எல்லாமே கம்பனிக்காரரின் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

சரி, இந்த 1,838 டொலரை ஒரே தடவையில் எண்ணிக் கொடுத்து வாங்குகிறவர் நம்மில் எத்தனை பேர்? மிகச் சிலர். கடைக்குப் போனால் விலைச் சீட்டில் 1,599 என்பது சின்ன எழுத்தில் இருக்கும். ‘மாதம் 40’ என்பது பெரிய எழுத்தில் இருக்கும். உதாரணத்துக்காக நான் எடுத்த எண்தான் அது, கடைக்குக் கடை மாறும். மாதம் 40 வீதம் 24 மாதம் கட்டினால் 960 டொலர். மிச்சம் 639 டொலர் எங்கே போனது? ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கிறது. 24ஆம் மாத முடிவில் ஒன்றில் அந்த 639ஐக் கட்டிப் போனை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த புது மொடலுக்கு இன்னொரு 24 மாதம் கையெழுத்துப் போடலாம். பெல், றொஜர்ஸ், டெலஸ் என்று பெரிய மூன்று கம்பனிகளிடமும் வெவ்வேறு பெயரில் இப்படித் திருப்பிக் கொடுக்கும் திட்டங்கள் இருந்து வந்திருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் போனில் கண்ணாடி வெடித்திருந்தால் அதற்கு வேறு காசு.

பலர் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் 639 டொலர் கையில் இருக்காது என்பது ஒரு காரணம். புதுப் போன் கண்ணுக்கு முன்னால் மினுங்குவது மற்றது. இதை விற்பனை என்று சொல்லக்கூடாது, வாடகை என்றுதான் சொல்ல வேண்டும். 38ஆம் பிரிவின் கண்ணால் பாருங்கள். ஆறேழு வருடம் உழைக்க வேண்டிய பொருளை இரண்டு வருடத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறீர்கள். எந்த ஆயுளுக்காகக் கூடிய விலை கொடுத்தீர்களோ அந்த ஆயுளின் பெரும்பகுதி மற்றவருக்குப் போகிறது. அந்தப் போன் துடைத்து மினுக்கப்பட்டு இன்னொரு சந்தையில் நல்ல விலைக்கு விற்கப்படும்.

கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் இந்த விளையாட்டை ஓரளவு அடக்கித்தான் வைத்திருக்கிறது. 2013 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பியில்லாச் சேவை விதிக்கோவையால் இரண்டு வருடத்துக்குப் பிறகு அபராதம் இல்லாமல் விலகலாம். அதற்கு முன்பு மூன்று வருட ஒப்பந்தம்தான் இங்கே வழமை. 2019இல் அந்தக் கம்பனிகள் 36 மாதத் தவணை என்ற பெயரில் மூன்று வருடத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தன. ஆணையம் நிறுத்தச் சொன்னது. 2017 டிசெம்பரிலிருந்து போனைப் பூட்டி விற்பதும் இல்லை.

மொழிப் பிரச்சினை ஒன்றும் இங்கே இருக்கிறது. 2023 யூன் முதல், கியூபெக்கில் இப்படிப்பட்ட அச்சடித்த ஒப்பந்தங்களின் பிரெஞ்சு வடிவத்தை முதலில் உங்களிடம் தர வேண்டும். அதன் பிறகுதான் ஆங்கிலத்தில் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம்முடைய அம்மா அப்பாமாருக்கு இரண்டும் ஒன்றுதான். பத்து வயதுப் பேரப்பிள்ளை பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க, அது ‘மாதம் நாற்பது அம்மம்மா’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். மிச்சத் தொகை என்ற பத்தியைப் பத்து வயதுப் பிள்ளை எப்படி மொழிபெயர்க்கும்?

நம் சமூகத்துக்கும் தொலைபேசிக்கும் இருக்கிற உறவு மற்றவர்களுடையது போன்றதல்ல. 1985 யூலை முதலாம் தேதி கனடாவில் முதல் கைபேசி அழைப்பு நடந்தது. ரொறன்ரோ மேயர் ஆர்ட் எகிள்டன் நம் மொன்றியல் மேயர் ஜோன் ட்ரப்போவை அழைத்தார். அடுத்த வருடம் ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்கள். அப்படி வந்தவர்களும் அவர்களுக்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்தவர்களும் இந்த நகரத்தில் கால் ஊன்றிய காலத்தில், ஊரோடு பேசுவது என்றால் என்ன பாடு! போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நேரே எடுக்க வழியில்லை. கடிதம் போட்டு, அம்மாவைக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வரச்சொல்லி, குறித்த நாளில் குறித்த கடைக்கு எடுப்போம். கோட் தே நேஜ் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் போன் காட் வாங்கிச் சுரண்டிய கையெல்லாம் இந்த மண்டபத்தில் இருக்கிறது. பத்து டொலர் காட்டில் எத்தனை நிமிடம் என்பதைக் கடைக்குக் கடை ஒப்பிட்டு வாங்கியவர்கள் நாங்கள். நிமிடக் கணக்கில் அவ்வளவு கெட்டியாக இருந்தவர்கள் இன்று வருடக் கணக்கில் இப்படிக் கோட்டை விடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

தொலைபேசிக்குச் செலவழிப்பதில் நமக்கு மனம் கூசாததற்கு அந்தப் பழைய வரலாறும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குரல் கேட்பதற்காக என்ன விலையும் கொடுப்போம். ஆனால் அந்தக் குரல் இன்று வட்ஸ்அப்பில் வருகிறது. 250 டொலர் போனிலும் அதே குரல்தான், 1,800 டொலர் போனிலும் அதே குரல்தான். சாவகச்சேரியில் மழைக்கு இணைப்பு விழுந்தால் இரண்டிலும் முகம் கட்டம் கட்டமாக உடையும். டொலார்-டெ-ஓர்மோ திருமுருகன் கோயில் தேரை 48 மெகாபிக்சலில் படம் பிடிக்கிறோம். பிடித்த கையோடு குடும்பக் குழுவில் போடுகிறோம். வட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்புகிறது. ஊரில் மாமி தன் சின்னத் திரையில் பார்ப்பது அந்தச் சுருக்கிய படத்தை.

கமெராவுக்காகக் கொடுக்கும் காசு எல்லாமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கலியாண வீட்டில் படம் எடுத்துப் பிழைக்கிறவர், யூடியூப்பில் சமையல் போடுகிறவர், கண் மங்கிய பெரியவர், அறுவைச் சிகிச்சை முடிந்த காயத்தைப் படம் பிடித்துத் தாதிக்கு அனுப்ப வேண்டியவர் என்று பலருக்கு நல்ல கமெராவும் பெரிய திரையும் உண்மையான தேவை. இரவில் ஊபர் ஓட்டுகிற தம்பிக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரைபடம் திறந்தே கிடக்க வேண்டும். அவருக்கு அது தொழில் ஆயுதம். இவர்கள் வாங்கட்டும். மற்றவர்கள் தங்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: போன கிழமை என் போன் செய்யமுடியாமல் போன வேலை என்ன? அதற்குப் பதில் இல்லையென்றால் கடைக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை.

மொன்றியலில் இருந்துகொண்டு குளிரைப் பற்றிப் பேசாமல் எப்படி? ஐபோன் பாவிக்க வேண்டிய வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை என்று அப்பிளே எழுதி வைத்திருக்கிறது. இங்கே தை மாதம் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான் கழிகிறது. 165ஆம் இலக்கப் பேருந்துக்கு மைனஸ் இருபதில் நிற்கிறீர்கள். கையுறையைக் கழற்றிப் போனை வெளியே எடுக்கிறீர்கள். 40 வீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று கறுத்துப்போகும். குளிரில் லிதியம் பற்றரியின் உள்தடை கூடுகிறது. கேட்ட மின்சாரத்தை அதனால் கொடுக்க முடிவதில்லை, மின்னழுத்தம் விழுகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சூடேறியதும் அதே 40 வீதம் திரும்பி வரும். இந்த விஷயத்தில் ஏழைப் போன், பணக்காரப் போன் என்ற பேதம் அதிகம் இல்லை. பழைய பற்றரி முதலில் விழும், புதுப் பற்றரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். ஆகவே குளிருக்குப் பயந்து புதுப் போன் வாங்க நினைப்பவர் முதலில் பற்றரியை மாற்றிப் பார்க்கலாம். சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில், போனை வைப்பதற்குக் காசே இல்லை.

பற்றரி விஷயத்தில் இந்தத் தொழில் ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிபட்டது. 2017இல் பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க, மென்பொருளைப் புதுப்பிக்கும் சாக்கில் அப்பிள் அவற்றின் வேகத்தைக் குறைத்தது. பாவிப்பவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசெம்பரில் விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டொலரிலிருந்து 29 ஆக்கியது. எத்தனையோ பேர் ‘போன் ஆமை மாதிரிப் போகிறது’ என்று அதற்குள் புதுப் போன் வாங்கி முடித்திருந்தார்கள். அந்த 79 டொலரோடு முடிந்திருக்கக்கூடிய வேலைக்கு ஆயிரம் டொலர்.

நிலைமை அன்றிருந்ததைவிடத் தேறியிருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கூகிள் 2023 ஒக்டோபரில் பிக்சல் 8க்கு ஏழு வருடம் மென்பொருள் தருவதாக வாக்குக் கொடுத்தது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ் 24 வரிசைக்கு அதையே சொன்னது. ஐபோன் 15இலிருந்து பற்றரி ஆயிரம் தடவை ஏற்றி இறக்கிய பின்னும் 80 வீதக் கொள்ளளவோடு இருக்கும்படி செய்திருப்பதாக அப்பிள் சொல்கிறது. முந்தைய மொடல்களுக்கு அது 500 தடவையாக இருந்தது. ஆக உயர்ரக போனின் விலை கட்டுமா என்றால், கட்டக்கூடிய நிலைமை இப்போதுதான் வந்திருக்கிறது. 1,599 டொலர் போனை ஆறு வருடம் வைத்திருந்து, நடுவில் 150 டொலர் அளவில் ஒரு பற்றரி போட்டால், வரிக்கு முன் வருடத்துக்குச் சுமார் 290 டொலர் வரும். முன்பு சொன்ன வாடகைத் திட்டத்தில் வருடத்துக்கு 480, முடிவில் கை வெறுமை. இன்னொரு பக்கம் பாருங்கள்: 2024இல் வந்த சாம்சங்கின் மலிவு மொடலான கலக்ஸி ஏ 16க்கும் ஆறு வருட மென்பொருள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். உச்ச மொடலுக்கு மட்டும் கிடைத்த ஆயுள் கீழ்த்தட்டுக்கும் இறங்கிவிட்டது. வேகம் குறைவுதான், படம் சுமார்தான். ஆனால் வட்ஸ்அப், வங்கி, வரைபடம், தேவாரம் கேட்பது என்று இருப்பவருக்கு அது போதும். என் தனிப்பட்ட தெரிவு இரண்டு வருடம் பழைய உச்ச மொடல். வாடகைக்கு எடுத்தவர்கள் திருப்பிக் கொடுத்த அதே போன்! அவர்கள் விட்டுப்போன ஆயுளை நான் வாங்குகிறேன்.

சீட்டுப் பிடித்துப் போன் வாங்குகிறவர்களையும் எனக்குத் தெரியும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சீட்டுக் காசில் முழுத் தொகையையும் கட்டி வாங்குகிறவர் குறைந்தபட்சம் முழு விலை என்ன என்று தெரிந்து வாங்குகிறார். ஊருக்குப் போகும்போது தம்பிக்கு, பெறாமகனுக்கு என்று புதுப் போன் கொண்டுபோவது வேறு கதை. அங்கே அது பாவனைப் பொருள் இல்லை, அன்பின் அளவும் அந்தஸ்தின் அளவும் கலந்த ஒன்று. அதில் பொருளாதாரம் பேசி நான் யாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. ஒன்றே ஒன்று: கியூபெக்கில் வாங்கிய போனுக்கு யாழ்ப்பாணத்துக் கடையில் 38ஆம் பிரிவைக் காட்டிப் பயனில்லை.

இந்தப் போன்களில் ஒரு பகுதியைச் செய்கிறவர்களும் தமிழர்கள்தான். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் பொக்ஸ்கொன் ஆலை 2019 முதல் ஐபோன்களைப் பொருத்துகிறது. இப்போது ப்ரோ மொடல்களும் அங்கே பொருத்தப்படுகின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் விடுதியில் தங்கும் இளம் பெண்கள். 2021 டிசெம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போக, மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலையை மூட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அவர்களுடைய மாதச் சம்பளம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே என்று செய்திகள் வந்தன. ஐபோன் 17 ப்ரோ 2025இல் வந்தபோது இந்தியாவில் 1,34,900 ரூபாய். ஏறத்தாழ 2,100 கனடா டொலர். இங்கே வரி சேர்த்தும் 1,838. அதாவது, 2021இன் சம்பளக் கணக்கில், அங்கே வேலை செய்யும் ஒரு பெண் தான் திருகாணி முடுக்கிய அதே போனை, நம்மைவிடக் கூடிய விலைக்கு, ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்தாலும் வாங்க முடியாது. விலையேற்றத்தில் எத்தனை சதம் அந்தக் கைகளுக்குப் போகிறது என்று கேட்கிறவர் குறைவு. உயர்ந்த விலை உழைப்பாளிக்கு உயர்ந்த கூலி தரும் என்று யாராவது வாதாடினால் சுங்குவார்சத்திரத்துக்கு ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள்.

இனிச் சட்டத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடியது அதுதான்.

கடையில் போனோடு சேர்த்து மேலதிக உத்தரவாதம் ஒன்றையும் விற்கப் பார்ப்பார்கள். அதை விற்கும் முன்பு, சட்டம் இலவசமாகத் தருகிற உத்தரவாதம் ஒன்று இருக்கிறது என்பதை வாயாலும் சொல்லி எழுத்திலும் காட்ட வேண்டும் என்று 228.1ஆம் பிரிவு சொல்கிறது. 2010 முதல் இந்த விதி இருக்கிறது. அடுத்த தடவை விற்பனையாளர் அதைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். முகம் மாறும். கம்பனியின் ஒரு வருட உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாலும் 38ஆம் பிரிவு முடிவதில்லை. விற்ற கடையையும் கேட்கலாம், செய்த கம்பனியையும் கேட்கலாம். 54ஆம் பிரிவின்படி, போனை இன்னொருவரிடமிருந்து வாங்கிய இரண்டாவது சொந்தக்காரரும் உற்பத்தியாளரைக் கேட்கலாம். கீழே போட்டு உடைத்ததற்கு இது பொருந்தாது. தானாகப் பழுதானதற்குப் பொருந்தும். திருத்தித் தர மறுத்தால் கியூபெக் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது. 15,000 டொலர் வரை. வக்கீல் வேண்டாம், வரவும் விடமாட்டார்கள்.

2023 ஒக்டோபரில் இந்தச் சட்டத்துக்குக் கியூபெக்கின் தேசிய மன்றம் புதுப் பற்கள் வைத்தது. பொருள் சீக்கிரம் பழுதாகும்படி வேண்டுமென்றே செய்வதைத் தடை செய்தது. கனடாவில் இதைச் செய்த முதல் மாகாணம் நாம்தான். 2025 ஒக்டோபரிலிருந்து உதிரிப்பாகங்களும் திருத்தும் சேவையும் திருத்துவதற்கான தகவல்களும் கிடைக்க வேண்டும். சாதாரணக் கருவிகளால் மாற்றக்கூடியதாக அந்தப் பாகங்கள் இருக்க வேண்டும். ஓட்டை ஒன்றும் உண்டு: விற்கும் முன்பே ‘இதற்கு இவை கிடைக்காது’ என்று எழுத்தில் அறிவித்துவிட்டால் கம்பனி தப்பிக்கலாம். ஆகவே வாங்கும் முன் அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் ஜோன் தலோன் வீதியிலும் போன் திருத்துகிற சின்னக் கடைகள் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் பெரிய வாய்ப்பு. வெளியிலிருந்து வாங்கிய திரையைப் பொருத்தினால் ‘இது தெரியாத பாகம்’ என்று போன் முறைப்பாடு செய்வதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இன்னொரு உத்தரவாதம் 2026 ஒக்டோபர் 5ஆம் தேதி நடைமுறைக்கு வருகிறது. கைபேசி உட்படச் சில பொருட்கள் குறிப்பிட்ட காலம் பழுதின்றி இயங்க வேண்டும், இல்லையென்றால் இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்பது அது. ‘நியாயமான காலம்’ எவ்வளவு என்று நீதிபதி முன்னால் நின்று வாதாட வேண்டிய சிரமம் அந்தக் காலத்துக்கு இருக்காது. அந்தக் காலம் முடிந்த பிறகும் 38ஆம் பிரிவு அப்படியே நிற்கும்.

போனைத் தூக்கிப் போட்டாலும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஆட்கள் போனுக்கு நூறு டொலரில் தோல் உறை வாங்குவார்கள், பில்லைப் பெட்டியோடு மறுசுழற்சித் தொட்டியில் போடுவார்கள். வாங்கிய தேதியும் விலையும் அதில்தான் இருக்கின்றன. 38ஆம் பிரிவின் கீழ் நீங்கள் நீட்டப்போகிற முதல் காகிதம் அதுதான். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பிரெஞ்சு ஒப்பந்தம் யாரிடமாவது கையில் இருந்தால் கொண்டுவாருங்கள், தேநீர் நேரத்தில் அந்த மிச்சத் தொகைப் பத்தியைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.